போர்க்களத்திலிருந்து அமைதிக்கு: கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன்



செப்டம்பர் 8 என்றதும் அன்னை மரியாவின் பிறப்பு விழா நம் நினைவுக்கு வரும். 1886-ஆம் ஆண்டு அதே நாளில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள மேட்ஃபீல்டு என்ற சிற்றூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் முதல் உலகப்போரின் கொடுமையை உலகறியச் செய்த ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன். அன்னையின் விழாவன்று பிறந்த அவர், அந்த அன்னையைத் தம் தாயாக ஏற்றுக்கொள்ள எழுபது ஆண்டுகள் ஆயின.

அவருடைய தந்தை ஆல்ஃப்ரெட், பாக்தாதிலிருந்து மும்பைக்கு வந்து வாணிபத்தில் செழித்த சசூன் என்ற யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மும்பையில் மீன்பிடிப் படகுகள் வந்தடையும் சசூன் டாக் துறைமுகம் இக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. தாய் தெரேசா ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். வேற்றுச் சமயப் பெண்ணை மணந்ததால் ஆல்ஃப்ரெடைக் குடும்பத்தார் ஒதுக்கி வைத்தனர். பின்னர் அவரும் மனைவி மக்களை விட்டுப் பிரிந்தார். 1895-ல் காசநோயால் இறந்தார். ஜெர்மானிய இசைமேதை வாக்னரின் இசையில் மனம் தோய்ந்த தாய், அதில் வரும் வீரனின் பெயரையே மகனுக்குச் சூட்டியிருந்தார்.

வாலிப வயதில் சசூனுக்குக் குறை எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜில் சேர்ந்தார்; பட்டம் பெறாமலே திரும்பினார். குதிரை ஏறி நரி வேட்டையாடுவது, கிரிக்கெட் ஆடுவது, கவிதை எழுதுவது என்று நாட்கள் கழிந்தன. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. நாட்டைக் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தோடு அவர் படையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே தம்பி ஹாமோ கலிப்போலிப் போரில் உயிரிழந்தார். 1916 மார்ச்சில் நெருங்கிய நண்பர் டேவிட் தாமஸ் கொல்லப்பட்டார். பழிவாங்கும் வெறி சசூனைப் பற்றிக்கொண்டது. உயிரைத் துச்சமாக எண்ணி இரவில் எதிரியின் பதுங்கு குழிகளை நோக்கி ஊர்ந்து சென்றார். வீரர்கள் அவரைப் பைத்தியக்கார ஜாக் என்று அழைத்தனர். ஆனால் அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற சிலுவை வடிவப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது அந்த வெறி அல்ல. துப்பாக்கிச் சூட்டுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நின்று, காயமுற்ற தம் வீரர்களை மீட்டுக் கொண்டுவந்ததற்காகவே அது வழங்கப்பட்டது.

1917 ஏப்ரலில் சசூன் தோளில் குண்டடி பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே மக்கள் உண்டு குடித்து, செய்தித்தாளில் வெற்றிச் செய்திகளைப் படித்து மகிழ்ந்திருந்தார்கள். பதுங்கு குழிகளின் சேற்றில் மடிபவர்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது அவருடைய மனச்சான்றை உறுத்தியது. தற்காப்புக்காகத் தொடங்கிய போர் இப்போது நாடு பிடிக்கும் போராக மாறிவிட்டது என்றும், அதை முடிக்கும் அதிகாரம் உள்ளவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள் என்றும் ஓர் அறிக்கை எழுதினார். ஜூலை 30 அன்று அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அந்தக் கோடையில் அவர் தம் பதக்கத்தின் நாடாவைக் கழற்றி மெர்சி ஆற்றின் கழிமுகத்தில் எறிந்தார்.

இராணுவ நீதிமன்றம் அவருக்குக் கடுந்தண்டனை அளித்திருக்கலாம். நண்பரும் கவிஞருமான இராபர்ட் கிரேவ்ஸ் குறுக்கிட்டார். இவர் குற்றவாளி அல்ல, போரினால் மனநலம் குன்றியவர் என்று மருத்துவக் குழுவை நம்ப வைத்தார். உண்மையைச் சொன்ன வாய்க்கு நோயாளி என்று பெயர் வைத்தார்கள். எடின்பரோவின் கிரேக்லாக்கார்ட் மருத்துவமனைக்கு சசூன் அனுப்பப்பட்டார். அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் ரிவர்ஸ், முன்பு நம் நீலகிரி மலையில் தோடர் மக்களிடையே ஆய்வு செய்து, 1906-ல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்டவர். தோடர்களின் வாழ்வை உற்றுக் கேட்ட அதே பொறுமையோடு அவர் போரால் நொறுங்கிய இளைஞர்களுக்கும் செவிசாய்த்தார்.

வில்ஃப்ரெட் ஓவன் என்ற இளம் அதிகாரியும் அம்மருத்துவமனையில் இருந்தார். தயங்கித் தயங்கித் தம் கவிதைகளை சசூனிடம் காட்டினார். சசூன் திருத்தம் சொன்னார், ஊக்கமூட்டினார். ஓவன் பெருங்கவிஞராக மலர்ந்தார். ஆனால் 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய்வதற்கு ஒரே வாரம் இருக்கும்போது, 25 வயதில் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவருடைய கவிதைகள் 1920-ல் நூலாக வெளிவர சசூன் துணைநின்றார்.

சசூன் விரும்பியிருந்தால் போர் முடியும்வரை பாதுகாப்பாக இருந்திருக்கலாம். போரைப் பற்றிய அவருடைய கருத்தும் மாறவில்லை. ஆயினும் தம் வீரர்கள் அங்கே சாகும்போது தாம் இங்கே இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தாமே கேட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்பினார். முதலில் பாலஸ்தீனம், பிறகு பிரான்சு. 1918 ஜூலை 13 அன்று, எதிரி என்று தவறாக எண்ணிய தம் படையினர் ஒருவராலேயே தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார், அத்தோடு அவருடைய போர் முடிந்தது.

துப்பாக்கிகள் ஓய்ந்தன, அவர் உள்ளத்தில் போர் ஓயவில்லை. தம் வாழ்வைத் தழுவி 1928-ல் எழுதிய நூல் பரிசுகளைப் பெற்றது. 1933-ல் ஹெஸ்டர் கேட்டி என்பவரை மணந்தார். ஜார்ஜ் என்ற மகன் பிறந்தான். ஆனால் மணவாழ்வு கசந்து கணவனும் மனைவியும் பிரிந்தனர். வில்ட்ஷயரிலுள்ள பெரிய மாளிகையில் தனிமையே அவருக்குத் துணையாயிற்று. யேட்ஸ், எலியட் போன்றோர் கவிதையின் போக்கையே மாற்றிவிட்டிருந்த காலம் அது. பழைய பாணியில், இறைவனைத் தேடி சசூன் எழுதிய கவிதைகளை விமர்சகர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அக்கவிதைகளின் உட்பொருளை ஓர் அருள்சகோதரி கண்டுகொண்டார். இலண்டன் கென்சிங்டனில் இருந்த விண்ணேற்பு அன்னை துறவு மடத்தின் தலைவி அன்னை மார்கரெட் மேரி, அவற்றைப் படித்துவிட்டு, முன்பின் அறியாத அந்த முதியவருக்கு மடல் எழுதினார். கவிதை வரிகளுக்குள் ஓர் ஆன்மா கதவைத் தட்டிக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்திருந்தார். மடலுக்கு மடல் நட்பு வளர்ந்தது. சசூன் டவுன்சைடு துறவு மடத்தில் மறைக்கல்வி பெற்றார். 1957 ஆகஸ்ட் 14, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவின் முந்தின நாள், கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இளமையில் பதக்கங்கள் தராத அமைதியை முதுமையில் கண்டடைந்தார். அந்தப் பயணத்தைச் சொல்லும் கவிதைத் தொகுப்பை ஸ்டான்புரூக் துறவு மடத்து அருள்சகோதரிகள் 1960-ல் அச்சிட்டார்கள்.

1967 செப்டம்பர் 1 அன்று, 81-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்க, அவர் இறைவனடி சேர்ந்தார். சாமர்செட்டின் மெல்ஸ் கிராமத்தில், தாம் பெரிதும் மதித்த அருட்தந்தை ரொனால்டு நாக்ஸின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். திருவிவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அந்த அருட்தந்தை.

அன்பு சகோதரரே, சகோதரியே, சசூன் குறையற்ற மனிதர் அல்லர். வெறியும் கசப்பும் முறிந்த உறவுகளும் அவர் வாழ்வில் இருந்தன. ஆனால் உண்மையை உரக்கச் சொல்லவும் சொன்னபின் துன்புறுவோரின் பக்கம் திரும்பிச் செல்லவும் அவர் அஞ்சவில்லை. உண்மை பேசுவது ஒரு துணிவு. பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், துன்புறுவோரோடு தோள் சேர்ந்து நிற்பது அதைவிடப் பெரிய அன்பு.

அவரை வீடு சேர்த்தது பெரிய மறையுரையோ வாதமோ அல்ல. ஓர் அருள்சகோதரி எழுதிய மடல். நம் பங்கிலும் கோவிலின் வாசல்வரை வந்து தயங்கி நிற்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம்; நம் வீட்டிலேயேகூட இருக்கலாம். அவருக்காக நாம் எடுத்து வைக்கும் முதல் அடி எது? எழுபது வயதிலும் கதவைத் திறக்கும் ஆண்டவர், தயங்கி நிற்போரை அழைத்துவரும் கைகளாக நம்மைப் பயன்படுத்துவாராக.