பவளம் கொணர்ந்து வைரம் தேடியவர்

ஆம்ஸ்டர்டாம் நகரின் போர்த்துகீசிய யூதக் குடியைச் சேர்ந்த ஜாக் டி பைவா, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு 1684ஆம் ஆண்டில் மதராசப்பட்டினத்துக் கரையில் இறங்கினார். துறைமுகம் அந்நாளில் இல்லை. கப்பலில் வந்தோர் மசூலாப் படகேறி அலையைக் கடந்தே மண்ணை மிதிக்க வேண்டும். மனைவி ஹியரோனிமாவும் அவ்வாறே உடன் வந்தார்.

தெற்கே சில கல் தொலைவில் மயிலாப்பூர் இருந்தது. அதன் கரையில் போர்த்துகீசியர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சாந்தோமை எழுப்பியிருந்தனர். பைவா பேசிய மொழி அங்கே செல்லுபடியாகும். எனினும் அவருடைய சமயம் செல்லாது. 1497இல் போர்த்துகல் தன் யூதரை வலிந்து மதம் மாற்றியது. 1560இல் கோவாவில் அமைந்த சமய விசாரணை மன்றம், மாறியவர் வீட்டில் பழைய நோன்பு ஒளிந்திருக்கிறதா என்று துருவிற்று. மருந்து மூலிகைகளைப் பற்றி நூல் எழுதிய கார்சியா த ஓர்தா என்னும் மருத்துவர் இறந்து 12 ஆண்டுகள் கழிந்த பின், 1580இல் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தீயிலிட்டனர். பிணத்தையும் விடாத அந்த அச்சத்தை நினைவிற் கொண்டால்தான் பைவா இங்குச் செய்த செயலின் பெருமை விளங்கும்.

அவர் தொழில் வைரம். மத்தியதரைக் கடலில் குளித்தெடுத்த பவளமும் வெள்ளியும் ஐரோப்பாவிலிருந்து இங்கு வரும். கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களின் வைரம் இங்கிருந்து செல்லும். முத்தியால்பேட்டையின் பவளக்காரத் தெரு இன்றும் அவ்வணிகத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. வைரத்தின் குற்றங்களை அறிந்து கூறும் மதுரை வணிகரை ஊர்காண் காதையில் கண்டவர்களுக்கு, கல்லை ஒளியில் திருப்பிப் பார்க்கும் இந்த அயல்நாட்டார் அத்தனை அந்நியராகத் தோன்றார்.

பைவா பொருளீட்டியதோடு நிற்கவில்லை. பெத்தநாயக்கன்பேட்டையில், பின்னாளில் தங்கசாலைத் தெருவின் தென்கோடியாக ஆன இடத்தில், தம் மக்களுக்கென ஓர் இடுகாட்டை அமைத்தார். யூதர் இடுகாட்டை உயிருள்ளோர் இல்லம் என்று வழங்குவர். இறந்த யூதன் தன் பெயரிலேயே, எபிரேய எழுத்தின் கீழ், அச்சமின்றிக் கிடப்பதற்கு ஓர் இடம்! சாந்தோமில் கிட்டாதது அது.

வந்து மூன்றாண்டே ஆயிற்று. 1687இல் சுரங்கப் பகுதிக்குச் சென்று திரும்பிய பைவா நோயுற்று இறந்தார்; தாம் அமைத்த இடுகாட்டிலேயே அடக்கமானார். கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு செப்டம்பரில் மதராசு மாநகராட்சி தோன்றியபோது அதன் 12 ஆல்டர்மன்களில் யூத வணிகரும் இடம்பெற்றனர். அந்த மரியாதையைப் பார்க்கப் பைவா இல்லை.

ஹியரோனிமாவின் கதை வேறு திசையில் சென்றது. 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல் தாமும் வைரத்தில் பொருள் குவித்தவர். அவர் மனைவி கேதரின் 1689இல் இங்கிலாந்து திரும்பிய பின், ஹியரோனிமா அவருடன் வாழ்ந்து சார்லஸ் என்ற மகனைப் பெற்றார். ஊர் வரலாற்றை எழுதியோர் பலர் இதனை வம்பாகவே சுவைத்திருக்கின்றனர். கணவனை இழந்து, உறவினர் பல்லாயிரம் கல் தொலைவிலிருக்க, அயல் ஊரில் நின்ற பெண்ணுக்கு வேறு எத்தனை வழிகள் இருந்தன என்று எண்ணியவர் சிலரே. பின்னர் அவர் மகனுடன் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். யேல் 1718இல் அனுப்பிய துணிப் பொதிகளும் 417 நூல்களும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைத் தேடித் தந்தன. பைவாவின் பெயரைத் தாங்கும் கட்டடமோ தெருவோ சென்னையில் இல்லை.

வைர வணிகம் காலப்போக்கில் இலண்டனோடு ஒடுங்கியது. யூதக் குடும்பங்களும் அருகின. 20ஆம் நூற்றாண்டில் இடுகாட்டு நிலம் பள்ளிக்கூடத்திற்காக எடுக்கப்படவே, கல்லறைக் கற்கள் காசிமேட்டிற்குப் போயின. அங்கும் துறைமுகத்தின் தேவை குறுக்கிட்டது. 1983இல் அவை மீண்டும் பெயர்ந்து இராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையை அடைந்தன. ஔவையாராக நடித்துப் புகழ் பெற்ற நாடகக் கலைஞரின் பெயரால் அவ்வை சண்முகம் சாலை என்று பின்னர் அழைக்கப்பட்ட அச்சாலையில், மயிலாப்பூருக்கு நடந்து போகும் தொலைவில், எபிரேய எழுத்துப் பொறித்த அந்தச் சில கற்கள் இருக்கின்றன.