மௌலானா ஆசாத் (ரஹ்) தம் பாதையைக் கண்டறிந்த வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்களை நம்மில் பெரும்பாலோர் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராகவே அறிவோம். அன்னாரின் பிறந்த நாளான நவம்பர் 11, 2008-ஆம் ஆண்டு முதல் தேசியக் கல்வி தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் அன்னாரைப் பற்றி இரண்டொரு பத்திகள் படிப்பதும் உண்டு. எனினும், அன்னார் அமைச்சரான பின் ஆற்றிய பணிகளைவிட, பதினாறு வயது முதல் முப்பத்தொரு வயது வரை கடந்து வந்த பாதையே நமது ஜமாஅத் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி என்று நாம் கருதுகிறோம். பீரின் இல்லத்தில் பிறந்து, தந்தைக்குப் பின் அதே பீடத்தில் அமர வேண்டியவராக வளர்க்கப்பட்ட ஒருவர், அரசியலுக்கு எவ்வாறு வந்தார் என்பதே இங்கு நாம் சொல்ல வருவது.

அன்னார் 1888-ஆம் ஆண்டு புனித மக்காவில் பிறந்தார். இயற்பெயர் முஹ்யித்தீன் அஹ்மது. தந்தை மௌலானா கைருத்தீன் அவர்கள் டில்லியைப் பூர்விகமாகக் கொண்ட ஆலிம்; தாயார் மதீனாவின் கல்விமான்கள் குடும்பத்தைச் சேர்ந்த அரபுப் பெண்மணி. மக்காவாசிகளுக்கும் ஹாஜிகளுக்கும் நீர் வழங்கி வந்த நஹ்ரு சுபைதா கால்வாய் பழுதடைந்தபோது, இந்தியா, எகிப்து, சிரியா, துருக்கி ஆகிய நாடுகளில் நிதி திரட்டி அதனைச் செப்பனிட்டவர் இந்தக் கைருத்தீன் அவர்களே. கால் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெறவே கல்கத்தா வந்தார். முரீதுகள் விடாது வேண்டிக்கொண்டதால் அங்கேயே தங்கிவிட்டார்.

பிள்ளைக்குக் கல்வி இல்லத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலக் கல்வி ஈமானைக் குலைத்துவிடும் என்று தந்தை அஞ்சினார். கல்கத்தா மதரஸாவின் பாடமுறையும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிறர் இருபது வயதுக்கு மேல் முடிக்கும் நிஜாமிய்யா பாடத்திட்டத்தை மகன் பதினாறு வயதிலேயே முடித்தார். கற்றது உறுதிப்பட வேண்டும் என்பதற்காகச் சுமார் பதினைந்து மாணவர்களை அவர் முன் அமர்த்தித் தத்துவமும் கணிதமும் தர்க்கமும் கற்பிக்கச் செய்தார் தந்தை. இதற்கு முன்னரே, 1903-இல், 'லிஸானுஸ் ஸித்க்' என்னும் இதழை அவர் தொடங்கியிருந்தார். அதனைப் படித்திருந்த அல்லாமா ஷிப்லி நுஃமானி அவர்கள் பம்பாயில் இவரைச் சந்தித்தபோது, இதழாசிரியரின் மகன் வந்திருப்பதாகவே எண்ணிவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அக்காலத்தில் ஸர் ஸையித் அஹ்மத் கானின் எழுத்துகள் இவர் கைக்குக் கிட்டின. நவீன அறிவு பெறாதவன் முழுமையாகக் கற்றவன் அல்லன் என்னும் எண்ணம் மேலோங்கவே, மௌலவி முஹம்மது யூசுப் ஜஃபரி அவர்களிடம் ஆங்கில அரிச்சுவடி பயின்றார். பின்னர் ஆங்கில பைபிளை உருது, பார்சி மொழிபெயர்ப்புகளுடன் ஒப்பிட்டு வாசித்தும், அகராதியைத் துணைகொண்டு செய்தித்தாள்களைப் படித்தும் அம்மொழியைத் தாமே வசப்படுத்திக்கொண்டார். புதிய நூல்கள் புதிய ஐயங்களையும் உடன் கொணர்ந்தன. மார்க்கம் ஒரே உண்மையைச் சொல்லுமானால் அதைப் பின்பற்றுவோரிடையே இத்தனை பிணக்குகள் ஏன் என்னும் கேள்வி, சில ஆண்டுகள் அவரை உறக்கமின்றி வாட்டியது. முன்னோர் வழிவந்தது என்னும் காரணத்திற்காக எதையும் ஏற்பதில்லை என்று துணிந்த நாட்களில் அவர் மேற்கொண்ட புனைபெயரே ஆசாத் என்பது. கட்டற்றவன் என்பது அதன் பொருள். தக்லீது குறித்து அன்னார் கொண்ட கருத்தில் நம் உலமாக்களுக்கு மாறுபாடு உண்டு. அதனை இங்கு விவாதிக்க நாம் முற்படவில்லை. ஐயத்தின் வழியே சென்றவர் முடிவில் குர்ஆனிடமே திரும்பி வந்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தைப் பிரித்தார். இந்துக்களையும் முஸ்லிம்களையும் பிரிப்பதே அதன் நோக்கம் எனக் கண்டு வங்காளம் கொதித்தெழுந்தது. கிழக்கு வங்கத்தின் துணை ஆளுநர் ஃபுல்லரோ, அரசாங்கம் முஸ்லிம்களைத் தன் செல்ல மனைவியாகக் கருதுகிறது என்ற பொருள்படப் பேசி வைத்தார். உளவுத் துறைக்கு ஐக்கிய மாகாணத்திலிருந்து முஸ்லிம் அதிகாரிகள் கொண்டுவரப்பட்டனர். ஆகவே, புரட்சிக்காரர்கள் முஸ்லிம்கள் அனைவரையும் பகைவராகவே எண்ணினர். இந்நிலையில்தான் ஷியாம் சுந்தர் சக்கரவர்த்தியின் வாயிலாக ஆசாத் அவர்களோடு தொடர்புகொண்டார். அரவிந்த கோஷையும் இரண்டு மூன்று முறை சந்தித்தார். முதலில் அவரையும் ஒற்றர் என்றே ஐயுற்றனர். சில அதிகாரிகளைக் கொண்டு ஒரு சமுதாயத்தையே அளவிடலாகாது என்றும், எகிப்திலும் ஈரானிலும் துருக்கியிலும் விடுதலைக்காகப் போராடுவோர் முஸ்லிம்களே என்றும் அவர் எடுத்துரைத்தார். வெள்ளையரை எதிர்ப்பதைக் காட்டிலும், உடன் நிற்க வந்தவர்களின் ஐயத்தைப் போக்குவதே அவருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

1908-இல் அன்னார் வெளிநாடு சென்றதாகத் தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். ஈராக்கில் ஈரானியப் புரட்சியாளர்களையும், எகிப்தில் முஸ்தபா காமில் பாஷாவின் தொண்டர்களையும், துருக்கியில் இளந்துருக்கியர் தலைவர்களையும் கண்டார். இந்திய முஸ்லிம்கள் ஆங்கிலேயரின் பின்னால் நிற்பது ஏன் என்று அவர்கள் வியந்து வினவினர். அவ்வினாவுக்கு அவரிடம் விடை இல்லை. தந்தையின் நோய்ச் செய்தி கேட்டுத் தாயகம் திரும்பினார். பின்னர் தந்தை வஃபாத்தானார். முரீதுகள் மகனின் கரம் பற்றி பைஅத் செய்யக் காத்திருந்தனர். அவர் கரம் நீட்டவில்லை. பொருளும் மதிப்பும் தாமே தேடி வந்த ஒரு பீடத்தை இருபது வயதில் மறுப்பது எளிதான செயலன்று.

1912 ஜூலை 13 அன்று கல்கத்தாவிலிருந்து 'அல்ஹிலால்' வார இதழ் வெளிவந்தது. உருது இதழ்கள் கல்லச்சில் வந்துகொண்டிருந்த காலத்தில், எழுத்துக் கோத்து, படங்களுடன் அச்சிடப்பட்டது அது. புதிய வாசகர்கள் பழைய இதழ்களையும் கேட்டதால் மூன்று மாதங்களுக்குள் அவற்றை மறுபதிப்புச் செய்ய நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் விற்பனையாயின. அடிமைத்தனத்தை ஏற்பது இஸ்லாத்திற்கு ஒவ்வாது என்பதைக் குர்ஆனைக் கொண்டே அது நிறுவியது. அலிகர் வட்டத்தினர் இதனை விரும்பவில்லை. ஆசாத்தைக் கடுமையாக எதிர்த்தனர்.

1913-இல் கான்பூர் மச்லி பஜார் பள்ளிவாசலின் உளூச் செய்யும் பகுதி, சாலை அமைப்பதற்காக இடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 3 அன்று அவ்விடத்தில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடைபெற்று, பல உயிர்கள் பலியாயின. உளூ எடுக்கும் இடம் பள்ளியின் பகுதி அன்று என்று அதிகாரிகள் வாதிட்டனராம்! ஹவுளில் அமர்ந்து உளூச் செய்து தொழுகைக்குச் செல்லும் நமக்கு இவ்வாதம் எத்துணை பொருளற்றது என்பது சொல்லாமலே விளங்கும். அல்ஹிலால் இதனை விடாது எழுதியது. அரசாங்கம் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டது, பின்னர் அதைப் பறிமுதல் செய்து, 10,000 ரூபாய் கேட்டது, அதுவும் போயிற்று. முதல் உலகப் போர் மூண்ட பின் அச்சகமே பறிபோயிற்று. 1915 நவம்பரில் 'அல்பலாக்' என்னும் பெயரில் மறுபடியும் தொடங்கினார். இதழை நிறுத்த இயலாது எனக் கண்ட அரசாங்கம், 1916-இல் ஆசிரியரையே வங்காளத்தை விட்டு வெளியேற்றியது. பஞ்சாப், டில்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் ஆகியன முன்னரே அவருக்குக் கதவடைத்திருந்தன. எஞ்சியது பீகார். ராஞ்சி சென்றார், அங்கேயே காவலில் வைக்கப்பட்டார்.

ராஞ்சியில் அன்னார் வாளாவிருக்கவில்லை. ஜாமிஆ பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்தார். 1917-இல் அவ்வூர் மக்களின் உதவியுடன் ஒரு மதரஸாவை நிறுவினார். காவல் துறையினர் சோதனையிட்டுக் குர்ஆன் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படிகளை எடுத்துச் சென்றனர். அவர் மீண்டும் எழுதினார். 1920 ஜனவரி முதல் நாள் விடுதலையானார். அம்மாதம் 18 அன்று டில்லியில் ஹகீம் அஜ்மல் கான் இல்லத்தில் காந்தியடிகளை முதன்முறையாகச் சந்தித்தார். ஒத்துழையாமைத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது சிலர் ஆலோசிக்க அவகாசம் கேட்டனர். ஆசாத் உடனே இசைந்தார். பதினைந்து ஆண்டுகளாக ஆலோசித்துவிட்டவருக்கு அவகாசம் எதற்கு?

1923-இல் டில்லி சிறப்பு மாநாட்டில் காங்கிரஸ் தலைமையை ஏற்றபோது அன்னாருக்கு வயது முப்பத்துநான்கு. பின்னர் 1940 முதல் 1946 வரை மீண்டும் தலைவராக இருந்தார். அகமத்நகர் கோட்டைச் சிறையில் இருக்கையில், 1943-இல், துணைவியார் ஜுலைகா பேகம் மறைந்தார். முகம் காணவும் இயலவில்லை. பிரிவினையைப் பற்றி அன்னார் கொண்ட நிலையை அன்றைய முஸ்லிம்களில் பலர் ஏற்கவில்லை. நம் முந்தைய தலைமுறையினர் இல்லங்களிலும் அவ்விவாதம் நிகழ்ந்ததுண்டு. 1958 பிப்ரவரி 22 அன்று வஃபாத்தாகி, டில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.