நோபலும் ஒரு பிடி மண்ணும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

நோபல் பரிசைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் அப்பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபலின் வாழ்வில் ஒரு வெளிர்நிற மண் வகித்த பங்கினைப் பலர் அறியார். அதனைக் கூறுவதே என் நோக்கம்.

நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் ஒரு பொறியாளர். தொழிலில் நொடித்துப்போன அவர், பிழைப்புத் தேடி ருஷ்யாவுக்குச் சென்றார். அங்கே தொழில் செழிக்கவே, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக் கற்பித்தார். ஆல்ஃபிரட் ஐந்து மொழிகளில் தேர்ச்சி பெற்றார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறவில்லை.

1847இல் இத்தாலிய வேதியியலார் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டறிந்திருந்தார். எண்ணெய் போன்ற அந்த நீர்மம் சாதாரண வெடிமருந்தைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது. சிறிது அதிர்ந்தாலும் வெடித்துவிடும். கண்டறிந்தவரே அதற்கு அஞ்சினார். நோபல் அஞ்சவில்லை. வேண்டும்போது அதனை வெடிக்கச் செய்யும் முறையை 1863இல் கண்டுபிடித்தார். வேண்டாதபோது வெடிக்காமல் வைத்திருக்கும் முறைதான் அகப்படவில்லை.

1864 செப்டம்பர் 3 அன்று ஸ்டாக்ஹோமில் அவர்களுடைய வேலைக்கூடம் வெடித்துச் சிதறியது. மாண்டவர்களுள் கடைசித் தம்பி எமிலும் ஒருவர். வயது 20. உப்சாலா பல்கலைக்கழக மாணவர். சகோதரர்களுள் பல்கலைக்கழகப் படியை மிதித்தவர் அவர் ஒருவரே. எங்கள் வீட்டிலும் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கும் வயது அதுவே. ஆகவே இந்நிகழ்ச்சியைப் பாடநூலின் ஒரு வரியாக என்னால் கடந்து செல்ல இயலவில்லை.

நகருக்குள் நைட்ரோகிளிசரின் தயாரிப்பது தடை செய்யப்பட்டது. நோபல் ஏரியில் நிறுத்திய படகொன்றில் வேலையைத் தொடர்ந்தார். பின்னர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகே, எல்பே ஆற்றங்கரையில் தொழிற்சாலை அமைத்தார். 1866இல் அதுவும் வெடித்தது. அந்த நீர்மத்தை உறிஞ்சித் தன்னுள் அடக்கிக்கொள்ளும் திண்மப்பொருள் ஒன்றை அவர் தேடினார். கரித்தூள், மரத்தூள், செங்கற்பொடி எனப் பலவற்றைச் சோதித்தபின், அப்பகுதியிலேயே கிடைத்த கீசல்கூர் என்னும் மண் கைகொடுத்தது. கசிந்த நீர்மம் தற்செயலாக மண்ணில் ஊறியதைக் கண்டார் என்னும் கதையை நோபலே மறுத்திருக்கிறார்.

டயட்டம் எனப்படும் ஒருசெல் பாசிகள் சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்பவை. அவை மடிந்து நீரடியில் படிந்து உருவானதே இம்மண். ஒவ்வோர் ஓட்டிலும் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. எனவே தன் எடையைப்போல் மூன்று மடங்கு நைட்ரோகிளிசரினை இம்மண் ஏற்றது. பிசைந்த மாவு போன்ற அக்கலவைக்கு 1867இல் டைனமைட் என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். அது மலைகளைக் குடைந்து ரயில் பாதை அமைக்க உதவியது, போரிலும் புகுந்தது.

நோபல் வாழ்ந்த காலத்திலேயே அதே நுண்துளைகள் வேறொரு பணிக்கும் வந்தன. 1892இல் ஹாம்பர்க்கில் காலரா 8000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்ததே காரணம். இம்மண்ணைச் சுட்டு ஜெர்மானியரான பெர்க்கெஃபெல்ட் செய்த வடிகட்டி அப்போது பெயர் பெற்றது. இன்று நீச்சல் குளங்களிலும் இம்மண் பயன்படுகிறது. துணி போர்த்திய சட்டங்களின்மேல் மெல்லிய படலமாக இதனைப் படியவைத்து நீரைச் செலுத்துகின்றனர். மணல் வடிகட்டியில் தப்பிவிடும் சில மைக்ரான் அளவுள்ள அழுக்கும் இதில் சிக்குகிறது. அழுத்தம் ஏறினால், எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவிப் புது மண் இடுவர். சுட்ட மண்ணின் தூசியில் உள்ள படிகச் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்குமாதலால், கையாள்வோர் முகக்கவசம் அணிதல் வேண்டும்.

நோபல் 1895இல் எழுதிய உயிலில் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்கென ஒதுக்கி, 1896 டிசம்பர் 10 அன்று மறைந்தார். 1901 முதல் பரிசுகள் வழங்கப்படலாயின.

எமில் இறந்த நாளிலும் அந்த மண் பூமியில் கிடந்தது. அதனைத் தேடும் எண்ணம்தான் பிந்தி வந்தது. ஒரு பொருளைத் தயாரிக்கக் கற்கும் முன்னர் அதனை அடக்கி வைக்கக் கற்கவேண்டும். ஆய்வகத்தில் அமிலப் புட்டியைத் திறக்கும் நாம் நோபலின் வாழ்விலிருந்து முதலில் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.