இசை மாமேதை பாக்

பத்தாம் வகுப்பு மாணவி

ஒரு பாட்டின் மெட்டு தெரிந்தால் பாடிவிடலாம். ஆனால் அதையே ஆர்கனில் வாசிக்க உட்கார்ந்தால், இடது கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று விழிக்கிறோம். மெட்டுக்குப் பொருந்தும் சுரக்கூட்டுகளை, அதாவது 'கார்ட்ஸ்'களைத் தேட வேண்டும். தவறாகத் தொட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்! இக்கலையில் உலகுக்கே ஆசானாக விளங்குபவர் யோகான் செபாஸ்தியன் பாக்.

அவர் 1685 ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள ஐசனாக் நகரில் பிறந்தார். பத்து வயது நிறையுமுன்னே தாயையும் தந்தையையும் இழந்து, அண்ணனிடம் வளர்ந்தார். அண்ணன் பூட்டி வைத்த இசை நூலை அலமாரிக் கம்பிகளின் வழியே உருவி எடுத்து, நிலவொளியில் ஆறு மாதம் படியெடுத்தாராம். அதைக் கண்ட அண்ணன் அந்தப் படியையும் பறித்துக்கொண்டார்!

இருபதாம் வயதில், பக்ஸ்டஹூட என்னும் ஆர்கன் மேதையைக் கேட்க, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே சென்றார். நான்கு வார விடுமுறை நான்கு மாதமாயிற்று. திரும்பியதும் ஆலய அதிகாரிகள் கண்டித்தனர். பழகிய பாடல்களில் புதுப்புதுச் சுரங்களைக் கலந்து மக்களைக் குழப்புகிறார் என்றும் குறை கூறினர்.

1720 இல் வெளியூர் சென்று திரும்பியபோது, மனைவி இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அவருக்குப் பிறந்த இருபது பிள்ளைகளில் பாதிப்பேரே வளர்ந்து ஆளாயினர். இத்தனை துயரிலும் அவர் இசைப்பணியைக் கைவிடவில்லை. 1723 இல் லைப்சிக் நகரின் புனித தோமையார் ஆலயப் பள்ளியில் இசை ஆசிரியரானார்.

மாணவருக்கு அவர் கற்பித்த முறை எளிது. மேற்குரலையும் அடிக்குரலையும் தாமே எழுதித் தந்து, இடையிலுள்ள இரு குரல்களை நிரப்பச் சொல்வார். அது கைவந்தபின் அடிக்குரலையும் அவர்களே அமைக்க வேண்டும். ஏனெனில் ஒரு சுரத்துக்கு ஒரே விடை என்பதில்லை. மெட்டில் 'ஸ' வந்தால் அதன்கீழ் ஸ‑க‑ப வைக்கலாம், ம‑த‑ஸ வைக்கலாம், த‑ஸ‑க வைக்கலாம். மூன்றும் பொருந்தும், ஆனால் மூன்றும் மூன்று உணர்ச்சி. முன்னே வந்தது எது, அடுத்து வருவது எது, பாட்டின் பொருள் என்ன என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின்படி அவர் அமைத்த திருப்பாடுகளின் இசையே இதற்குச் சான்று. அதில் ஒரே பழைய மெட்டு ஐந்து இடங்களில் வருகிறது. அந்த மெட்டும் அவருடையதன்று. ஹாஸ்லர் என்பவர் 1601 இல் வெளியிட்ட காதல் பாட்டினுடையது! முதல் இரு முறையும் ஒரே சுரக்கூட்டுகள்தாம். சுருதி மட்டும் அரைச் சுரம் இறங்குகிறது. பின்னர் அடிக்குரல் மாறுகிறது, கூட்டுகள் மாறுகின்றன. இயேசு உயிர்விட்டதும் கடைசி முறையாக அதைப் பாடும்போது, எதிர்பாராத சுரங்கள் புகுந்து நெஞ்சை உலுக்குகின்றன. மெட்டு அதுவே, துயரத்தின் ஆழம் மட்டும் வேறு.

இறுதிக் காலத்தில் கண் சிகிச்சை பலனளிக்காமல் பார்வையிழந்து, 1750 ஜூலை 28 இல் அவர் காலமானார். அவர் சுரக்கூட்டு அமைத்த ஏறக்குறைய 370 ஆலயப் பாடல்கள் 1784 முதல் 1787 வரை நூல்களாக வெளிவந்தன. இன்றும் இசை மாணவர்களுக்கு அவையே பாடநூல்.

அன்புத் தோழியரே! பாக் கையாண்ட மெட்டுகளில் பெரும்பாலானவை பிறர் தந்தவை. அவற்றின் அடியில் வைத்த சுரங்களே அவருடையவை. நமக்கு வரும் இன்பதுன்பங்களும் நாம் கேட்டு வாங்கியவை அல்ல. அவற்றின் அடியில் பொறுமையையும் உழைப்பையும் வைத்து இனிய இசையாக்க முயல்வோமாக!