குட்டி இரயிலுக்குப் பாகம் விற்ற கொதிகலன்காரர் மகன்

மேசை மீது ஓடும் ஒரு குட்டி இரயில் இன்ஜின். உள்ளே உண்மையாகவே தண்ணீர் கொதிக்கிறது. நீராவி சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, சக்கரங்கள் சுழல்கின்றன. பெரிய இன்ஜினில் உள்ள புகைபோக்கி, விசில், பாதுகாப்பு வால்வு, கைப்பிடிக் கம்பி, மோதுதாங்கி என எல்லாம் அதே இடத்தில், அதே வடிவத்தில் அமைந்திருக்கின்றன.

இத்தகைய இன்ஜின்களை மட்டுமல்லாமல், அவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளத் தேவையான பாகங்களையும் விற்றுப் பெயர் பெற்றவர் வென்மன் ஜோசப் பாசெட்-லோக். இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகரைச் சேர்ந்தவர். அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும், மாதிரி நீராவி இன்ஜின் என்று பேச்சு எழுந்தால் அவருடைய பெயரைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடிவதில்லை.

பட்டறையில் பிறந்த ஆசை

நார்த்தாம்டன், லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலணித் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே 1877 டிசம்பர் 27ஆம் தேதி பாசெட்-லோக் பிறந்தார். தந்தையார் ஜோசப் டாம் லோக், கொதிகலன் செய்யும் பட்டறை வைத்திருந்தார்.

தோட்டத் தொழிற்சாலையிலோ செம்பனை ஆலையிலோ கொதிகலன் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டறையின் சூழல் எளிதில் புரியும். இரும்புத் தகட்டை வளைப்பது, ஆணி அடித்து இணைப்பது, நீராவியின் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதிப்பது ஆகியவைதான் அங்கே அன்றாட வேலை. சிறிது காலம் கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர், பிறகு தந்தையின் பட்டறைக்கே வந்து தொழில் கற்றார்.

ஓய்வு நேரத்தில் மாதிரி இயந்திரங்கள் செய்வது அவருக்குப் பிடித்தமான வேலை. அதில் ஒரு பெரிய தடை இருந்தது. நல்ல பாகங்கள் கிடைக்கவில்லை. சிலிண்டரையோ சக்கரத்தையோ வார்த்து எடுக்க வேண்டுமானால் முதலில் மரத்தில் அச்சு செதுக்க வேண்டும். அதை மணலில் பதித்துக் குழி உண்டாக்கி, உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். உலைக்களம் உள்ளவருக்குத்தான் அது சாத்தியம். எழுத்தரோ ஆசிரியரோ கடைக்காரரோ தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல.

தமக்கு இருந்த குறை பலருக்கும் இருக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். தந்தையின் நிறுவனத்தில் கணக்கு எழுதி வந்த ஹாரி ஃபிராங்க்ளினைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, 1898-99 வாக்கில் அஞ்சல் வழி விற்பனையைத் தொடங்கினார். லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898இல் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ இதழ் அவர்களின் விளம்பரத்துக்கு நல்ல மேடையானது. முதல் விலைப்பட்டியல் 1899இல் வந்தது. அதில் நிஜப் புகைப்படங்களைக் கையால் ஒட்டி வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினர்.

பெட்டியில் என்ன இருந்தது?

கரடுமுரடான வார்ப்புகளாகப் பாகங்களை வாங்கலாம். கடைசல் இயந்திரம், அதாவது நம்மவர்கள் லேத் என்று சொல்லும் இயந்திரம் வைத்திருப்பவர், அவற்றைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து பொருத்திக்கொள்வார். அந்த வசதி இல்லாதவர் கடைந்து முடித்த பாகங்களை வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்பவர் முழு இன்ஜினையே வாங்கிக்கொள்ளலாம்.

முழு இன்ஜினின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத ஒன்று. பாகமாக வாங்கும்போது நிலைமை வேறு. இந்த மாதம் சக்கரம், அடுத்த மாதம் சிலிண்டர், தீபாவளிக்குப் புதுத்துணி சேர்ப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பணம் இல்லாத இடத்தை உழைப்பால் நிரப்ப அதில் வழி இருந்தது.

சின்னப் பாகங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. விசில், அழுத்தமானி, கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் குமிழ்கள், விளக்கு, இணைப்புக் கொக்கி ஆகியவை சரியாக அமைந்தால்தான் இது இன்ன கம்பெனியின் இன்ன இன்ஜின் என்று அடையாளம் தெரியும். அவை இல்லாவிட்டால் வெறும் தகரப் பொம்மைதான்.

ஆனால், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட முடியாது. ஓர் இன்ஜினின் நீளத்தை 32இல் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் மேற்பரப்பு 1,024இல் ஒரு பங்காகும். கொள்ளளவோ 32,768இல் ஒரு பங்காகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு மிக அதிகம். அதனால் சூடு விரைவில் வெளியேறிவிடும்.

கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயிலும் இதே சிக்கல்தான். குழாய் மிகவும் மெல்லியதாக இருந்தால் தண்ணீர் அதன் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறி நிற்கும். உள்ளே தண்ணீர் குறைந்திருக்கும். குழாயோ நிறைய இருப்பதாகக் காட்டும். ஆகவே பார்வைக்கு உரிய பாகங்களை அச்சு அசலாகச் செய்ய வேண்டும்; வேலை செய்யும் பாகங்களைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். எந்தப் பாகத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் இந்தக் கலையின் நுணுக்கம்.

இந்த நுணுக்கம் அறிந்த பொறியியல் வரைவாளர் ஹென்றி கிரீன்லியைப் பாசெட்-லோக் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தண்டவாளமும் மற்றப் பொருள்களும் செய்யும் பொறுப்பு ஜார்ஜ் வின்டரிங்ஹாமிடம் இருந்தது. வடிவமைக்க ஒருவர், செய்ய ஒருவர், மக்களிடம் கொண்டு சேர்க்கப் பாசெட்-லோக் என்று தொழில் வளர்ந்தது. 1908இல் லண்டனின் ஹை ஹோல்போர்ன் வீதியில் கடையும் திறக்கப்பட்டது.

ஜெர்மனியுடன் கைகோத்த காலம்

1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பாசெட்-லோக் சென்றிருந்தார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரைச் சேர்ந்த பிங் நிறுவனத்தின் ஸ்டீஃபன் பிங்கை அங்கே சந்தித்தார். அந்த ஜெர்மானியர்களின் கைவேலை அவரை ஈர்த்தது. ஆனால், அவர்கள் செய்த இன்ஜின்கள் இங்கிலாந்தில் ஓடும் இன்ஜின்களைப் போல் இல்லை. இங்கிலாந்து இரயில் கம்பெனிகளின் இன்ஜின்களை அப்படியே சிறிய வடிவில் செய்து தரும்படி அவர் கேட்டுக்கொண்டார். அந்த ஏற்பாட்டில் வந்ததுதான் ‘பிளாக் பிரின்ஸ்’ என்ற மாதிரி இன்ஜின்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு நின்றது. குட்டி இரயிலுக்குப் பாகம் செய்த கைகள், போர்த் தளவாடங்களின் அளவைச் சரிபார்க்கும் கருவிகளைச் செய்யத் தொடங்கின. நுண்ணிய அளவில் பழகியவர்களுக்கு அந்த வேலை கைவந்தது.

போர்க்காலத்தில்தான் அவர் டெர்ன்கேட் வீதியில் 78ஆம் எண் வீட்டைக் கைக்கொண்டார். 1917இல் அவருக்கும் ஃபுளோரன்ஸ் ஜேன் ஜோன்ஸுக்கும் திருமணம் நடந்தது. வீட்டின் உள் அலங்காரத்தை ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கிண்டோஷ் வடிவமைத்தார். ஐல் ஆஃப் மேன் தீவில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஜெர்மானியர்கள் அந்த வீட்டுக்கான மரச்சாமான்களில் சிலவற்றைச் செய்து கொடுத்தனர். ஜெர்மானியப் பெயரைக் கேட்டாலே இங்கிலாந்து மக்கள் கொதித்தெழுந்த நேரம் அது.

போர் முடிந்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. தமது அடுத்த வீடான ‘நியூ வேஸ்’ இல்லத்தை வடிவமைக்க ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் பீட்டர் பெஹ்ரன்ஸையே நாடினார். பின்னர் நாஜி ஆட்சியில் யூதர்களான பிங் குடும்பத்தினர் தங்கள் தொழிலை இழந்து இங்கிலாந்துக்கு வந்தனர். அவர்களின் ‘டிரிக்ஸ்’ குட்டி இரயில் 1935 முதல் இங்கிலாந்தில் விற்பனையானதில் பாசெட்-லோக்கின் பங்கு இருந்தது.

ஆள் ஏறிச் செல்லும் குட்டி இரயில்

மேசையில் ஓடும் இரயிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1905இல் பிளாக்பூல் கடற்கரையில் பொதுமக்கள் ஏறிச் செல்லும் சிறிய இரயில் ஓடத் தொடங்கியது. அதை இழுத்த ‘லிட்டில் ஜயன்ட்’ இன்ஜினை வடிவமைத்தவர் கிரீன்லி. அதன் தண்டவாள இடைவெளி 381 மில்லிமீட்டர் மட்டுமே. மலாயா இரயில் பாதையின் இடைவெளி 1 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

1915இல் வட இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்க இரயில் பாதையை அவருடைய குழு எடுத்து, அதே 381 மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றியது. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் இன்றும் நீராவி இன்ஜின் ஓடுகிறது.

பாடம் சொன்ன வாடிக்கையாளர்கள்

1920களில் அவருடைய தொழிலுக்கு ஒரு சோதனை வந்தது. அன்றைய சிறிய மாதிரி இன்ஜின்கள் பெரும்பாலும் சாராய விளக்கின் சூட்டில் ஓடியவை. அவற்றால் சில பெட்டிகளை இழுக்க முடியும். ஆளை இழுக்க முடியாது. ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், நிலக்கரியில் எரியும் சரியான கொதிகலனைப் பொருத்தினால் 64 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் இன்ஜினே வளர்ந்த ஆளை இழுக்கும் என்று வாதிட்டார். தாம் செய்த ‘ஆயிஷா’ என்ற இன்ஜினை ஓட்டி அதை மெய்ப்பித்தும் காட்டினார்.

‘மாடல் இன்ஜினியர்’ இதழில் இது பெரும் விவாதமானது. அந்தக் காலத்துக் கடை இன்ஜின்களுக்கும் அவற்றை வடிவமைத்த கிரீன்லிக்கும் அது சவாலாக இருந்தது. வாதத்தில் காலப்போக்கில் வென்றது நிலக்கரிதான். பாகம் வாங்கி வீட்டில் செய்தவர்கள், பாகம் விற்றவர்களுக்கே பாடம் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். கையில் பாகத்தைக் கொடுத்தால் அறிவும் கூடவே வளரும் என்பதற்கு அந்த விவாதமே சான்று.

மற்றொரு பக்கம், ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920 முதல் தகரத்தில் இரயில்களைச் செய்து பெரும் எண்ணிக்கையில் விற்கத் தொடங்கியது. பிள்ளைகளின் பொம்மைச் சந்தை அங்கே போனது. பாசெட்-லோக் நிறுவனம் தரத்தையும் நுணுக்கத்தையும் கைவிடவில்லை. நீராவியில் ஓடும் ‘மோகல்’ வகை இன்ஜினை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பாகத் தொகுப்பாகவும் விற்றது.

ஊருக்கு உழைத்தவர்

பாசெட்-லோக் ஃபேபியன் சங்கம் என்ற சமதர்மச் சிந்தனையாளர் அமைப்பில் ஈடுபாடு கொண்டவர். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அவருடைய நண்பர். டெர்ன்கேட் இல்லத்தில் தங்கியும் இருக்கிறார். 1930இல் பாசெட்-லோக் தொழிற்கட்சி சார்பில் நார்த்தாம்டன் நகர மன்ற உறுப்பினரானார். 1936இல் திறக்கப்பட்ட பொது நீச்சல் குளத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். நகரின் நாடக அரங்கை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்குண்டு.

அவருடைய வாழ்வில் ஒரு முரண் இருந்தது. சமதர்மம் பேசியவரின் கடையில் இருந்த மிக அழகான இன்ஜின்களை வசதி படைத்தவர்களே வாங்க முடிந்தது. அந்த முரணை அவரால் முழுவதும் தீர்க்க முடியவில்லை. ஆனாலும், விலைப்பட்டியலில் முழு இன்ஜினுக்கு அருகிலேயே தனிச் சக்கரமும் தனி வால்வும் இடம்பெற்றன. உழைக்கத் தயாராக இருந்தவருக்கு அதுவே வாசலாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போரிலும் அவருடைய பட்டறைக்கு வேலை இருந்தது. 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, ‘மல்பெரி’ என்ற மிதவைத் துறைமுகங்களை இழுத்துச் சென்று அமைத்தன. அந்தத் துறைமுகங்களைத் திட்டமிட உதவிய மாதிரிகள் பாசெட்-லோக் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. எளிதில் பூட்டிக் கழற்றும் பாலங்களின் மாதிரிகளும் அங்கே உருவாயின. விளையாட்டுப் பொருள் என்று பலர் நினைத்த கைத்திறன், படைவீரர்களின் உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கும் உதவியது.

மறைந்த பின்னும்

1953 அக்டோபர் 21ஆம் தேதி, 75ஆவது வயதில் பாசெட்-லோக் காலமானார். அவருக்குப் பின் தொழில் தளர்ந்தது. இங்கிலாந்து இரயில் பாதைகளிலேயே நீராவி மறையத் தொடங்கியிருந்தது. நிறுவனத்தின் கடைகள் 1960களின் நடுப்பகுதியில் மூடப்பட்டன. பாசெட்-லோக் என்ற வணிகப் பெயர் பல கைகள் மாறி, 2008இல் அவருடைய பழைய போட்டியாளரின் பெயரைத் தாங்கிய ஹார்ன்பி நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது.

டெர்ன்கேட் வீதியின் 78ஆம் எண் வீடு புதுப்பிக்கப்பட்டு, 2003 முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அவர் தொடங்கி வைத்த முறையும் அழியவில்லை. நீராவி இன்ஜினுக்கான வார்ப்புகளையும் சின்னஞ்சிறு பாகங்களையும் சிறிய நிறுவனங்கள் இன்றும் விற்கின்றன. லேத் ஒன்றும் பொறுமையும் உள்ளவர்கள் அவற்றை வாங்கிக் கடைந்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி வருகிறார்கள். ஒரு குட்டி இன்ஜின் முழுமை பெறச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். முதல் முறை நீர் கொதித்துச் சக்கரம் சுழலும்போது, அந்த இன்ஜின் கடையில் வாங்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.