கண்ணீருக்குள் ஒரு காவலன்: அலெக்சாண்டர் ஃபிளெமிங் (1881–1955)

பெனிசிலினைக் கண்டறிந்தவர் என்றே ஃபிளெமிங்கை உலகம் அறியும். அதற்கு ஏழாண்டுகள் முன்பே அவர் கண்ட இன்னொரு பொருள், நம் ஒவ்வொருவர் கண்ணீரிலும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் டார்வெல் அருகே ஒரு பண்ணை வீட்டில் 1881 ஆகஸ்ட் 6-ல் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். லண்டன் வந்து, கப்பல் நிறுவனமொன்றில் நான்காண்டுகள் எழுத்தராக இருந்தார். உறவினர் விட்டுச்சென்ற பணம் கைக்கு வரவே, செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகரில், காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றினார். புண்ணில் ஊற்றிய கிருமிநாசினிகள் ஆழத்தில் இருந்த கிருமிகளை எட்டவில்லை. உடலைக் காக்க வந்த வெள்ளை அணுக்களையே கொன்றன. உடலுக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் அழிக்கும் பொருள் உண்டா என்ற கேள்வியோடு அவர் லண்டன் திரும்பினார்.

1921-ல் ஜலதோஷம் பிடித்திருந்தபோது, தம் மூக்குச் சளியைக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் இட்டுப் பார்த்தார். அருகிலிருந்த கிருமிகள் கரைந்துபோயின. கரைத்த புரதத்துக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922-ல் வெளியிட்டார். உமிழ்நீர், கண்ணீர், முட்டை வெண்கரு என ஒவ்வொன்றின் வலிமையையும் ஒப்பிட்டார். கண்ணீர் வேண்டி உடன் பணிபுரிந்தோர் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்ததும் உண்டு. வெண்கருவில் அது மிகுதியாக இருந்தது. ஆனால் கொடிய நோய்க் கிருமிகள் பலவும் அதற்கு அசையவில்லை.

1928-ல் பெனிசிலின் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் லைசோசைமை ஆராய்ந்துகொண்டிருந்த ஃப்ளோரியும் செயினும் அதன்பின் பெனிசிலினை எடுத்து மருந்தாக்கினர். 1945-ல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குறைந்த அளவில் மருந்து உண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று அந்த மேடையிலேயே ஃபிளெமிங் எச்சரித்தார். 1955 மார்ச் 11-ல் மறைந்தார்.

எச்சரிக்கை பலித்தது. ஆய்வாளர்கள் மீண்டும் விலங்குகளின் உடலுக்குள் தேடினர். 1981-ல் பட்டுப்பூச்சி இனமொன்றில் செக்ரோபினும், 1987-ல் ஆப்பிரிக்கத் தவளைத் தோலில் மாகைனினும் வெளிப்பட்டன. 129 அமினோ அமிலங்கள் கொண்ட வெண்கரு லைசோசைம் கிருமியின் சுவரை அறுக்கிறது; 23 மட்டுமே கொண்ட மாகைனின், சுவருக்கு உள்ளிருக்கும் சவ்வைத் துளைக்கிறது. மாகைனினைத் திருத்தி உருவாக்கிய மருந்துக்கு 1999-ல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. போர்முனைப் புண்களின் அருகே எழுந்த ஃபிளெமிங்கின் கேள்விக்கு, விலங்குகளிடமிருந்து முழுவிடை இன்னும் வரவில்லை.