வாந்தி எடுத்தே உலகைச் சுற்றியவர்



டார்வின் என்றாலே நமக்கெல்லாம் ஞாபகம் வருவது நீளத் தாடி வைத்த தாத்தாதான். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். நான் எழுதப்போவது தாடி இல்லாத 22 வயது டார்வினைப் பற்றி.

சார்லஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெரிய டாக்டர். மகனும் டாக்டராகட்டும் என்று எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது. அதைப் பார்க்க முடியாமல் டார்வின் வெளியே ஓடிவிட்டார். படிப்பும் பாதியில் நின்றது. சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் வண்டு பிடித்துக்கொண்டிருந்தார்!

1831இல் ஒரு கடிதம் வந்தது. பீகிள் என்ற கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகிறது, இயற்கையை ஆராய ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று. அப்பா முடியாது என்றார். மாமா நேரில் வந்து பேசிய பிறகுதான் சம்மதித்தார். கப்பல் கிளம்பக் காத்திருந்த நாட்களில் டார்வினுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதய நோயோ என்று பயந்தார். ஆனால் டாக்டரிடம் போகவில்லை. போனால் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே!

பீகிள் சுமார் 27 மீட்டர் நீளம்தான். நம்ம ஊர் பஸ் இரண்டரையை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவுதான் கப்பல். அதற்குள் 70 பேருக்கு மேல். டார்வினுக்குக் கிடைத்தது பின்பக்கம் ஒரு சின்ன அறை. நடுவிலே வரைபட மேஜை, அதற்கு மேலே இவருக்குத் தூளி மாதிரி ஒரு படுக்கை. ஆறடி மனுஷன், கால் நீட்ட இடமில்லை. அலமாரியிலிருந்து ஓர் இழுப்பறையைக் கழற்றி, அந்த இடத்தில் பாதத்தை வைத்துத் தூங்கினார்.

டிசம்பரில் இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் புயலில் திரும்பி வந்தது கப்பல். 26ஆம் தேதி வானிலை நன்றாக இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் மாலுமிகள் போதையில் கிடந்தார்கள்! ஒருவழியாக 1831 டிசம்பர் 27இல் பிளிமத்திலிருந்து புறப்பட்டது. உடனே ஆரம்பித்தது வாந்தி.

மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவோமே, அந்தக் கஷ்டம்தான். நமக்கு ரெண்டு மணி நேரம். அவருக்கு நாள்கணக்கில். பிஸ்கட்டும் உலர் திராட்சையும் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. திராட்சை அப்பா சொல்லி அனுப்பிய வைத்தியம். நம் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் உடம்பு ஆடுவதை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. அறைக்குள் இருக்கும் கண்ணுக்கோ மேஜையும் சுவரும் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது, வாந்தி வருகிறது. அன்றைக்கு இந்தக் காரணமெல்லாம் யாருக்கும் தெரியாது.

முதலில் டெனெரீஃப் தீவு வந்தது. ஹம்போல்ட் எழுதிய பயண நூலைப் படித்ததிலிருந்து டார்வின் கனவு கண்ட இடம் அது. இங்கிலாந்தில் காலரா பரவுகிறது, 12 நாள் கழித்துத்தான் இறங்கலாம் என்று தடுத்துவிட்டார்கள். கேப்டன் ஃபிட்ஸ்ராய் காத்திருக்காமல் கப்பலைக் கிளப்பிவிட்டார். பாவம் டார்வின்! அத்தனை வாந்தி எடுத்தும், தரையை எட்ட நின்று பார்த்ததோடு சரி. நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நான்கு நாள் கழித்து, துணியில் நாலடிப் பை ஒன்று தைத்துக் கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுத்தார். அதில் சிக்கிய குட்டிக் குட்டிக் கடல் உயிரிகளை உட்கார்ந்து ஆராய்ந்தார். தலை சுற்றினால் படுத்துக்கொள்வார், கொஞ்சம் தெளிந்தால் மறுபடி வேலை. இப்படியேதான் பயணம் முழுக்க.

மிக மோசமான நாள் 1833 ஜனவரி 13. தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் கேப் ஹார்ன் பக்கம் வாரக்கணக்கில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று மலை மாதிரி மூன்று அலைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது அலையில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தளத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது. பக்கவாட்டுக் கதவுகளைத் தட்டித் திறந்து தண்ணீரை வெளியேற்றியதால்தான் நிமிர்ந்தது. இன்னொரு அலை வந்திருந்தால் அவ்வளவுதான். தண்ணீர் நிரம்பிய ஒரு படகை வெட்டிவிட வேண்டியதாயிற்று. டார்வின் காயவைத்திருந்த செடிகளும் காகிதங்களும் உப்புத் தண்ணீரில் நாசம். செடி போய்விட்டதே என்று அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

எந்தத் துறைமுகத்திலும் இறங்கி வேறு கப்பலில் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கரையிலும் ஏதாவது ஒன்று அவரைப் பிடித்து இழுத்தது. அர்ஜென்டினாவில் அழிந்துபோன ராட்சத விலங்குகளின் எலும்புகள். சிலியில் 1835 பிப்ரவரி 20 நிலநடுக்கம். அதே வருஷம் கலாபகஸ் தீவுகள். கணக்குப் பார்த்தால் மூன்று வருஷத்துக்கு மேல் தரையில்தான் இருந்திருக்கிறார். கடலில் சுமார் 18 மாதம். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது!

கடைசிவரை வாந்தி பழகவே இல்லை. 1836இல் ஊர் திரும்பும் வழியில், அளவுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று கேப்டன் கப்பலை மறுபடி பிரேசிலுக்குத் திருப்பினார். டார்வினுக்கு வந்ததே கோபம்! கடலையும் கப்பலையும் திட்டி அக்காவுக்குக் கடிதம் எழுதித் தீர்த்துக்கொண்டார்.

1836 அக்டோபர் 2 இரவு, புயலோடு பீகிள் ஃபால்மத் துறைமுகத்தில் நின்றது. இன்னும் கொஞ்ச தூரம் கடலில் போனால் புறப்பட்ட பிளிமத்தே வந்துவிடும். டார்வின் காத்திருக்கவில்லை. அன்று ராத்திரியே தபால் குதிரை வண்டியில் ஏறிவிட்டார். வீடு சேரும்போது எல்லாரும் தூங்கியிருந்தார்கள். சத்தமில்லாமல் போய்ப் படுத்து, காலைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் போய் நின்றார். மகனைப் பார்த்த அப்பா, இவன் தலையின் வடிவமே மாறிவிட்டது என்றாராம்.

புகழ்பெற்ற அந்தப் புத்தகம் வந்தது 1859இல். 1882 ஏப்ரல் 19இல் இறக்கும்வரை, 45 வருஷம், பிரிட்டனை விட்டு வெளியே போக ஒரு தடவைகூட அவர் கப்பல் ஏறவில்லை.